நல்லாருக்குங்க, ம்பாக்

"எப்படி இருந்துச்சு, இபு?"

"நல்லாருக்குங்க, ம்பாக்."

கேட்டுக் கேட்டு வெனிங்குக்கு வாய் ஓய்ந்திருந்தது. ஒரே பதிலைக் கேட்டுக் காதும் புளித்துப்போயிருந்தது. ஊர்ப் பெண்களை அவள் இபு, அதாவது அம்மா, என்பாள்; அவர்கள் மரியாதையாக அவளை ம்பாக், அக்கா, என்பார்கள். இபு துமினாவின் தலையிலிருந்து விஆர் ஹெட்செட்டை முக்காடு கலையாமல் கழற்றினாள். ஊர்க்காரர்கள் அதை ஹெல்மெட் என்றுதான் சொல்வார்கள். கண்ணைச் சுற்றிப் படிகிற பஞ்சு வியர்வையில் ஊறிக் கிடந்தது. மெராப்பி எரிமலைச் சரிவில், மழைக்கு முந்தைய இந்தக் குளிர்காற்றில், ஒரு மனுஷிக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. களைத்துப்போனவள் கண்ணெதிரே இருப்பதைக்கூடக் காண்பதில்லை. பஞ்சைத் துடைத்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

இன்றோடு இந்த வேலை முடிகிறது. மதியத்துக்குமேல் மாவட்டப் பேரிடர் அலுவலகத்திலிருந்து பாக் சுரோசோ, அதாவது சுரோசோ ஐயா, வருவார், போட்டுப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். அதன்பிறகு வெனிங்குக்கு விடுமுறை. எங்கேயும் போகப்போவதில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒருவாரம் படுத்துத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

ஜாவாவின் யோக்யகர்த்தா நகரில் செனோ நடத்துகிற சின்ன நிறுவனத்தில் அவள்தான் வடிவமைப்பாளர்; அவனை மாஸ், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். மலை வெடித்தால் வீட்டைவிட்டு எப்படிக் கிளம்புவது என்று சரிவில் இருக்கிற ஊர்க்காரர்களுக்குப் பழக்கிவிடுகிற செயலி இது. ஹெட்செட்டை மாட்டினால் சங்கு ஊதும். தாழ்ப்பாளைத் திறந்து, மாட்டைத் திரும்பிப் பார்க்காமல், முச்சந்திக்கு வந்து லாரியில் ஏற வேண்டும். லாரி கீழே முகாமில் கொண்டுபோய் விடும். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் போன தடவை மலை வெடித்தபோது லாரி வந்து நின்றும் ஏறாமல் போனவர்கள் இருந்தார்கள். இபு துமினாவின் அண்ணன் அவர்களில் ஒருவர். மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று மேலே போனார். வரவில்லை. இதை இபு துமினா ஒரேயொரு தடவை, வறுத்த சோயா அடையான தெம்பேயைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, லேசாகச் சிரித்தபடி சொன்னாள். இந்தப் பக்கத்தில் பெருந்துக்கத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அண்ணன் போனதுமுதல், சங்கு ஊதினால் ஊர்ப் பெண்களைத் திரட்டி லாரியில் ஏற்றுகிற பொறுப்பு அவளுடையது.

செயலி இந்த நிலைக்கு வருவதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் அலுவலகத்துப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். அத்தனை பேரும் விளையாட்டில் ஊறிய இளவட்டங்கள், நின்றுகொண்டே போட்டுப் பார்த்தார்கள், பிரமாதம் என்றார்கள். ஊருக்குக் கொண்டுவந்தால் எல்லாரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கதவின் தாழ்ப்பாள் அவர்கள் தலைக்குமேல் எட்டாத உயரத்தில் தொங்கியது. மரத்தில் மாங்காய் பறிக்கிறவர்கள்போல ஊரே வெறும் காற்றைத் துழாவியது. எழுத்துகள் எறும்பு அளவில் இருந்தன. திரையில் எதைக் கவனிப்பது என்று தெரியாதபடி மூலைக்கு மூலை ஏதோ ஒன்று மின்னியது.

அதைவிடக் கூத்து, விரல் விவகாரம். செயலிக்குள் ஊர்த்தலைவர் ஒருவர் வந்து நின்று, "கிளம்பத் தயாரா?" என்று கேட்பார். தயார் என்றால் அவரை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்ட வேண்டும். எந்த ஊரில் யார் ஊர்த்தலைவரைப் பார்த்து விரலை நீட்டுவார்கள்? எல்லாரும் நான்கு விரலையும் மடக்கி, மரியாதையாகக் கட்டைவிரலால் காட்டினார்கள். செயலிக்குக் கட்டைவிரல் தெரியாது. பாவம் அந்தத் தலைவர், "கிளம்பத் தயாரா, கிளம்பத் தயாரா" என்று கேட்டுக்கொண்டே நின்றார். மலை வெடித்துச் சாம்பல் கொட்ட ஆரம்பித்துவிட்டது, அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். வெனிங்கும் ஜாவாக்காரிதான், அவளுடைய அம்மாவும் கட்டைவிரலால்தான் வழி காட்டுவாள். எங்கோ இருக்கிற யாரோ எழுதிக் கொடுத்த வழிமுறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாயிற்று.

சரிசெய்யத் தேவையில்லாதது லாரிப் பயணம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள். அது அவளுடைய செல்லப்பிள்ளை. உண்மையான லாரியில் உட்கார்ந்து அதே சாலையில் இறங்கி, ஒவ்வொரு பள்ளத்தையும் படம் பிடித்துவந்து அப்படியே உள்ளே வைத்தாள். வளைவில் லாரி சாயும், குழியில் குலுங்கும், பின்னால் சாம்பல் மேகம் துரத்தும். முதல் தடவை அலுவலகத்தில் போட்டுப் பார்த்த அன்று அவளுக்கே குமட்டியது. இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். தினமும் போட்டுப் பார்த்ததில் உடம்பு பழகிவிட்டது, குமட்டியதும் மறந்துவிட்டது. செனோ, "அசத்திட்ட போ!" என்று கைதட்டினான்.

மேலும் சிலருக்கு மாட்டிக் கழற்றிவிட்டு, வாய் நனைக்கத் தேநீர் கேட்கலாமென்று ஊர்க்கூடத்தின் பின்னால் இருக்கிற சமையலறைக்குப் போனாள். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இபு துமினா முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். இன்னொரு பெண் எண்ணெயில் தோய்த்த பழைய காசால் அவள் முதுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பின்கழுத்திலிருந்து விலாவரை சிவப்புக் கோடுகள். காற்று உடம்புக்குள் புகுந்துவிட்டால் இங்கே எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான். வெனிங்குக்கும் அம்மா எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். ஆனால் சுரண்டிக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்திலும் கோடு இருந்தது. அடுப்படியில் நின்றவளின் முக்காட்டு ஓரத்திலும் ஒன்று எட்டிப் பார்த்தது. எல்லாருமே காலையில் ஹெல்மெட் மாட்டியவர்கள்.

"என்னங்க இபு, எல்லாருக்குமா?"

இபு துமினா அவசரமாக ரவிக்கையை இழுத்து விட்டுக்கொண்டாள். "மழக்காலம் பாருங்க, ம்பாக். காத்து உள்ள பூந்துடுச்சு. வேற ஒண்ணுமில்ல."

"ஹெல்மெட் போட்டதுக்கு அப்புறம்தானே பூந்துச்சு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வெனிங் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கெஞ்சிக் கேட்கத் தெம்பில்லை. அந்தச் சோர்வே உதவியது என்று சொல்ல வேண்டும். சோதனை செய்ய வந்தவளாக இல்லாமல், தங்களைப் போலவே ஓய்ந்துபோய் உட்கார்ந்த ஒருத்தியாக அவர்களுக்குத் தெரிந்திருக்கிறாள். இபு துமினா சூடான இஞ்சித் தண்ணீரை அவள் கையில் கொடுத்தாள்.

"லாரி ஓடுது பாருங்க, அப்பத்தான்," என்றாள் மெதுவாக. "கண்ணு ஓடுதுங்குது. உக்காந்த எடம் ஓடலங்குது. வயிறு ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது."

"போன தடவை ஹெல்மெட் மாட்டினப்பவும் இப்படித்தானா?"

"போன தடவ இவ வாந்தியே எடுத்துட்டா," என்று காசு பிடித்திருந்தவளைக் காட்டினாள், கட்டைவிரலால்தான். "வாழ மரத்துக்குப் பின்னால போய்."

"நான் கேட்டப்ப நல்லாருக்குன்னீங்களே!"

"ஆமாங்க, நல்லாத்தான் இருக்கு. மலை, மரம், எல்லாம் அச்சு அசல்." இபு துமினா அடுப்பில் விறகைத் தள்ளினாள். "இவ்வளவு தூரம் வர்றீங்க. கண்ணுக்குக் கீழ கருவளையம் விழற அளவுக்குப் பாடுபடறீங்க. மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது?"

"அதனால என்ன, இபு. ஒரு நாள் தலசுத்தல். சரி பண்ணிக்கலாம்."

"ஒரு நாளோட போனா பரவால்லையே." அடுப்பை ஊதிவிட்டுச் சொன்னாள். "போன ஞாயித்துக்கிழம ஒத்திகைக்கு நெசமான லாரி வந்துச்சு. அரை லாரிகூட நெறையல. யாரும் ஏறமாட்டேங்கறாங்க. டீசல் வாசன வந்ததும் எனக்கே வயித்தப் பொரட்டிடுச்சு. எல்லாரையும் ஏத்திவிடற நானே, ம்பாக், நடந்து எறங்கிட்டேன்."

வெனிங் தம்ளரைத் தரையில் வைத்தாள். லாரியில் ஏறப் பழக்குவதற்காகச் செய்த செயலி, லாரி என்றாலே குமட்டும்படி ஊரைப் பழக்கிவிட்டிருக்கிறது. அன்று லாரியில் ஏறாமல் போனவரின் தங்கைக்கே ஏற முடியவில்லை. மலை நாளைக்கே வெடித்தால் இவர்கள் நடப்பார்கள். நடக்கிறவர்களுக்கு அந்த மலை எவ்வளவு நேரம் கொடுக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அழுகையாக வந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது.

கூடத்தின் வாசலில் செனோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பாக் சுரோசோ வருகிற திசையைப் பார்த்து நின்றிருந்தான். அவனைத் தள்ளிக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லியாச்சு, வெனிங். ஒருத்தர் பாக்கியில்ல."

"மாஸ், நம்ம ஊர்ல யாரு எப்ப நல்லாயில்லன்னு சொல்லியிருக்காங்க? உங்க கல்யாணச் சாப்பாட்டக்கூட நான் நல்லாருக்குன்னுதான் சொன்னேன்."

"ஏன், நல்லாயில்லயா?"

"கறி செருப்பு மாதிரி இருந்துச்சு."

செனோவின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அவனுக்கு இது புதுச் செய்தி. அவனுடைய மாமியார்தான் சமைத்தாள்.

"சரி, அத விடு," என்றான். "இப்ப என்ன பண்ணணுங்கற?"

"ஓடுறத எடுத்துடணும். லாரியில கால வெச்சதும் முடிஞ்சுடணும். அவங்களுக்கு ஏறத்தான் பழகணும், மாஸ். ஓட்டறதுக்கு டிரைவர் இருக்காரு. அந்தப் பயணமே அவங்களுக்காக வெச்சதில்ல. எனக்குப் பிடிச்சிருந்துச்சு, உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான் வெச்சோம்."

"முகாம் வரைக்கும் போகணும்னு ஒப்பந்தம். பாக் சுரோசோ அந்த லாரியக் காட்டித்தான் மேலிடத்துல பேரு வாங்கியிருக்காரு. இப்பப் போய் இல்லன்னா, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு ஊரா திரும்பப் போகணும். யாரு போறது? நீ போவியா?"

போக முடியாது என்றுதான் உடம்பு சொன்னது. மறுபடி அதே மலைப்பாதை, அதே பாய், அதே கேள்வி. ஏற்கனவே வயிறு புரட்டிக்கொண்டவர்களிடம் போய், இன்னொரு தடவை மாட்டிக்கொள்ளுங்கள் என்று பல்லைக் காட்ட வேண்டும்.

"இன்னிக்கு வாய மூடிக்கிட்டு இரு," என்றான் செனோ, கொஞ்சம் இரக்கத்தோடுதான். "கையெழுத்து ஆகட்டும். பின்னால மெதுவா சரி பண்ணிக்கலாம்."

பின்னால் யாரும் எதையும் சரிசெய்வதில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

பாக் சுரோசோ வந்தார். சீருடையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். தேநீர், அவித்த கிழங்கு, நலம் விசாரிப்பு, அதற்கப்புறம் இன்னொரு தேநீர். எல்லாம் முடிந்த பிறகுதான் ஹெட்செட்டைக் கையில் எடுத்தார். கூடம் நிறைய ஊர்ப் பெண்களும் ஆண்களும் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தாழ்ப்பாளைத் திறந்தார். ஊர்த்தலைவருக்குக் கட்டைவிரல் காட்டினார். லாரியில் ஏறினார். லாரி கிளம்பியது.

முதல் வளைவில் அவர் பாயைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வளைவில் மீசைக்குமேல் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. அவளுடைய அருமையான பள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வெனிங்கால் பார்க்க முடியவில்லை. ஒருவழியாக லாரி முகாமில் போய் நின்றது. ஹெட்செட்டைக் கழற்றியபோது அவர் முகம் வெளிறிக் கிடந்தது. எச்சிலை விழுங்கினார், ஒரு தடவை போதாமல் இன்னொரு தடவையும் விழுங்கினார்.

"எப்படி இருந்துச்சு, பாக்?" செனோ குழைந்தான்.

"நல்லாருக்கு," என்றார் பாக் சுரோசோ. "ரொம்ப நல்லாருக்கு. எல்லா ஊருக்கும் அனுப்பிடலாம்."

பேனாவை எடுத்தார்.

வெனிங் எழுந்து நின்றுவிட்டாள். எழ வேண்டுமென்று அவள் முடிவு செய்யவில்லை, கால்கள் எழுந்துவிட்டன. பெரியவர் உட்கார்ந்திருக்க, அவர் தலைக்குமேல் உயர்ந்து நிற்பது இங்கே தப்பு. உடனே குனிந்து மண்டியிட்டாள்.

"மன்னிக்கணும், பாக். இது நல்லாயில்லைங்க."

செனோ ஏதோ தமாஷ் நடந்துவிட்டதுபோலச் சிரித்தான். "தன் வேலையத் தானே கொறச்சுப் பேசுவா, பாக். அடக்கம்."

"அடக்கம் இல்லைங்க. நான் பண்ணினதுதான், எனக்குத் தெரியும். லாரி ஓடுறது உடம்புக்கு ஆகல. இத மாட்டினவங்க நெசமான லாரியில ஏறவே பயப்படறாங்க."

பாக் சுரோசோ பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஊர்க்காரர்களைப் பார்த்தார். "அப்படியா? நல்லாத்தானே இருக்கு?"

"ஆமாங்க," என்றது கூடம்.

வெனிங்கும் திரும்பினாள். "நல்லாயில்லதானே?"

"ஆமாங்க," என்றது கூடம், அதே பணிவோடு.

பாக் சுரோசோவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ரெண்டுல எதுக்குங்க ஆமாம்?"

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். வெனிங்குக்கு உள்ளுக்குள் ஏதோ விட்டுப்போனது. இவர்களைக் குறைசொல்ல அவளுக்கு வாயில்லை. செருப்புக் கறியைத் தின்றுவிட்டு நல்லாருக்கு என்றவள்தானே அவளும். இனிமேல் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் கையெழுத்துப் போடட்டும், அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள், மலை தன் வேலையைப் பார்க்கும்.

பின்வரிசையில் இபு துமினா எழுந்தாள். முதுகைக் கூனிக்கொண்டு, எல்லாரையும் வழிவிடச் சொல்லிக் கை தாழ்த்தி, முன்னால் வந்தாள். பாயில் கிடந்த ஹெட்செட்டுக்கு நேராக நின்றாள். கையை நீட்டினாள். கட்டைவிரல் இல்லை. ஆள்காட்டி விரல், நேராக.

"அந்த லாரியில நான் ஏறமாட்டேன்," என்றாள். "எந்த லாரியிலயும் இப்ப என்னால ஏற முடியல. எங்கண்ணன் மாதிரி நானும் மேலேயே நின்னுடுவேனோன்னு பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் விரலையும் இறக்கவில்லை.

அதன்பிறகு, "எனக்கும் வயித்தப் பொரட்டுச்சு" என்று எங்கிருந்தோ ஓர் ஆண்குரல் வந்தது. "நான் வாழ மரத்துக்குப் பின்னால…" என்று காசு பிடித்தவள் ஆரம்பித்தாள். குட்டு உடைந்துவிட்டது, ஆளாளுக்குப் பேசினார்கள். கழுத்துகள் திரும்பின, முக்காடுகள் விலகின, சிவப்புக் கோடுகள் வெளியே வந்தன.

பாக் சுரோசோ பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கழுத்துப் பொத்தானைக் கழற்றி நீளமாக மூச்சு விட்டார்.

"இபு," என்றார், யாருக்கும் கேட்காதபடி சொல்ல நினைத்து எல்லாருக்கும் கேட்கும்படி. "உள்ள அந்தக் காசும் எண்ணெயும் இருக்குங்களா?"

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. செனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். வெனிங் ஹெட்செட்டுகளைப் பெட்டியில் அடுக்கினாள். இடுப்பு கடுத்தது. ஒவ்வோர் ஊராகத் திரும்பப் போக வேண்டும், அவள்தான் போக வேண்டும், விடுமுறை போயே போய்விட்டது. அதை நினைத்தால் பாயிலேயே சுருண்டு படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இபு துமினா வாழையிலையில் தெம்பே கட்டிக் கொண்டுவந்து தந்தாள். வலது கையை இடது கையால் மூடிக்கொண்டிருந்தாள், எதையோ உடைத்துவிட்ட பிள்ளைபோல.

"மனசுல வெச்சுக்காதீங்க, ம்பாக். பெரியவங்க முன்னால வெரல நீட்டிட்டேன்."

வெனிங் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருந்துச்சுங்க, இபு," என்றாள்.